கணப்படுப்பின் மேற்புற உஷ்ணத்தை அளத்தல்

உஷ்ணத்தை அளப்பது எளிய காரியமென்றே பலரும் எண்ணுவர். காய்ச்சற்காரர் நாவின்கீழ் உஷ்ணமானியை வைத்துச் சற்றே காத்திருந்தால் கணக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே கருவியைச் சுற்றிலும் சதை மூடியிருத்தலால் இரண்டும் விரைவில் ஒரே உஷ்ணத்தை அடைகின்றன. காய்ந்த இரும்புத் தகட்டின்மீது வைத்த கருவிக்கோ ஒருபுறந்தான் இரும்பு; மறுபுறம் குளிர்ந்த அறைக்காற்று. எந்த உஷ்ணமானியும் காட்டுவது தன் சொந்த உஷ்ணத்தையே யாதலின், அது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதோர் அளவில் நின்றுவிடுகிறது.

நமது நாட்டுச் சமவெளியில் வாழ்வோருக்கு இஃது அவசியமற்ற ஆராய்ச்சியாகத் தோன்றலாம். நார்வே, கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதி முதலிய குளிர்தேசங்களிலோ வீட்டினுள் வார்ப்பிரும்புக் கணப்படுப்பை அமைத்து, விறகெரித்துக் குளிர் காய்பவர் இன்றும் பலர். அடுப்பு மிதமிஞ்சிக் காய்ந்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும். அருகிலுள்ள மரச்சுவர் நாளடைவில் கரிந்து தீப்பற்றவும் கூடும். அதற்கஞ்சிக் காற்றுவாயை அடைத்து விறகைப் புழுங்கவிட்டாலோ, புகையிலுள்ள தார் போன்ற கசடு புகைபோக்கியின் உட்புறத்திற் படியும். பின்னொருநாள் அக்கசடே தீப்பற்றுமாயின் உஷ்ணம் 1,000 டிகிரிக்கு மேலும் ஏறும் (இக்கட்டுரையில் டிகிரி யென்பன யாவும் சென்டிகிரேடு). 1973-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியபின் அமெரிக்காவில் அநேக குடும்பத்தார் மீண்டும் விறகை நாடினர். அதனோடு இத்தகைய தீ விபத்துகளும் பெருகின. ஆகவே கருவி குறைத்துக் காட்டினும் ஆபத்து, கூட்டிக் காட்டினும் ஆபத்து.

இவ்வடுப்புகளுக்கென்று கடைகளில் விற்கப்படும் வட்டமான கருவி காந்தத்தால் இரும்பிற் பற்றிக்கொள்வது. வெவ்வேறளவாய் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருளாக்கி, அச்சுருளின் முனையில் முள்ளைப் பொருத்தியிருப்பர். விலை மலிவு, கெடுவதும் அரிது. எனினும் சுருள் தகட்டைவிட்டுச் சிறிது விலகி நிற்பதால் பெரும்பாலும் குறைத்தே காட்டும். தீ வேகமாக வளரும்போது முள் சில நிமிஷம் பின்தங்கியும் வரும். தீ ஏறுகிறதா இறங்குகிறதா என்றறிய இது போதும். சரியான அளவறிய இதனை மாத்திரம் நம்புதல் தகாது.

இக்காலத்தில் தூரத்திலிருந்தே குறிபார்த்து அளக்கும் கைக்கருவி பலரிடமும் உண்டு. காய்ந்த பொருள் வீசும் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக்கதிர்களை ஏற்று அது கணக்கிடுகிறது. அக்கதிர்களை வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் கண்டறிந்தார். இங்கேதான் பெரிய மயக்கம் நேர்கிறது. ஒரே உஷ்ணமுள்ள பொருள்கள் யாவும் ஒரேயளவு கதிர் வீசுவதில்லை. பௌதிகசாலையில் லெஸ்லியின் கனசதுரப் பெட்டியைக் கையாண்ட மாணவர் இதை நன்கறிவர்: உள்ளே ஒரே வெந்நீர், ஆயினும் கரிபூசிய முகம் மிகுதியாகவும், மெருகிட்ட முகம் மிகக் குறைவாகவும் கதிர் வீசும். மங்கலான கறுப்பு வர்ணத்தின் வீசுதிறன் 0.95 அளவினது. மலிவான கைக்கருவிகள் எப்பொருளையும் அவ்வாறே கொண்டு கணக்கிடும். வீசுதிறன் 0.3 மாத்திரமேயுள்ள பளபளப்பான எஃகுத் தகடு 300 டிகிரியில் காய்ந்திருக்க, அக்கருவி ஏறத்தாழ அதிற் பாதியையே காட்டும்! மெருகிட்ட புகைக்குழாயை இவ்வாறு பார்த்து, "இன்னும் சூடேறவில்லை" என்று விறகை அடுக்குபவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பரிகாரம் எளிது. அடுப்பு ஆறியிருக்கும்போது, வெப்பந்தாங்கும் மங்கலான கறுப்பு வர்ணத்தை உள்ளங்கையளவு ஓரிடத்திற் பூசி, அதனையே எப்போதும் குறிபார்க்கவேண்டும். குறி என்பது ஒரு புள்ளியன்று, ஒரு வட்டம். பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் விகிதமுடைய கருவி 60 சென்டிமீட்டர் தூரத்தில் 5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைத் தரும். விலக விலக வட்டம் விரிந்து பக்கத்திலுள்ளவையும் கணக்கிற் சேரும். கண்ணாடிக் கதவினூடே தீயை அளக்க முயல்வதும் வீண். இக்கருவிகள் ஏற்கும் கதிர்கள் கண்ணாடியைக் கடவாமையால், கிடைப்பது கண்ணாடியின் உஷ்ணமே.

மிகவும் நுட்பமாக அளக்க விரும்புவோர் வெப்பமின் இரட்டையைக் கொள்வர். இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்திகள் உஷ்ணத்தால் வேறுபடின் மின்சாரம் பிறக்குமென்பது 1821-இல் சீபெக் கண்ட உண்மை. குரோமெல், அலுமெல் என்னும் கலப்புலோகக் கம்பிகளில் டிகிரி ஒன்றுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்டு கிடைக்கும். கம்பி மெல்லியதாயிருத்தல் நன்று; பருத்த கம்பி தானே சூட்டை இழுத்துச்சென்று சந்தியைக் குளிர்விக்கும். சந்தியைச் சிறு துளையிலோ திருகாணியின் கீழோ இறுக்கியபின், கம்பியை உடனே மேலே தூக்காமல், சில அங்குல தூரம் தகட்டோடு படிந்துசெல்ல விடவேண்டும். கம்பிவழி ஒழுகும் சூடு அப்போது அப்பகுதியிலிருந்தே பெறப்படுவதால் சந்தி தகட்டின் உஷ்ணத்திலேயே நிற்கும். அனுபவமில்லாதவர் பெரும்பாலும் விட்டுவிடுவது இதனைத்தான்.

இவ்வளவும் செய்தபின்னும், அடுப்பிற்கு ஒரே உஷ்ணமென்பது கிடையாது. மேற்தகட்டின் நடுவிடமும், புகைக்குழாய் சேருமிடமும், பக்கமும் பெரிதும் வேறுபடும். எனவே இடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொண்டு, நாடோறும் அங்கேயே அளத்தல் வேண்டும். இருவர் தம் அடுப்புகளை ஒப்பிடும்போது இடத்தைச் சொல்லாமல் எண்ணை மாத்திரம் சொல்வது பயனற்ற பேச்சு.

கருவி மெய் கூறுகிறதா என்றறிய, கொதிநீரிற் சோதித்தல் வழக்கம். அது 100 டிகிரிக்கு மாத்திரமே சாட்சி. கணப்படுப்பு எட்டும் உயர்ந்த உஷ்ணங்களுக்கு அதைவிடத் தக்க சாட்சிகள் உண்டு: தூய வெள்ளீயம் 232 டிகிரியிலும், காரீயம் 327 டிகிரியிலும் உருகும். கருவி 200 காட்டும்போதே தகட்டின்மேல் வைத்த வெள்ளீயத்துணுக்கு உருகி ஓடுமாயின், அக்கருவி 30 டிகிரிக்கு மேலாகவே குறைத்துக் காட்டுகிறதென்று உடனே அறியலாம். காரீயத்தின் ஆவியும் தூளும் நஞ்சாதலால், வீட்டினுள் அதனைக் கையாளாது வெள்ளீயத்தோடு நிறுத்திக்கொள்வது நலம்.