கேமராவுக்கு வைஃபை சொல்லிக்கொடுப்பது

ஓசூரில் வீட்டுக்குள் கேமரா வைக்கத் திருடர் பயம் மட்டும் காரணமில்லை. கணவனுக்கு சிப்காட்டில் பி ஷிப்ட், மனைவிக்குக் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஜெனரல் ஷிப்ட், குழந்தை ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியிடம். சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டால் மனசு அடங்கும். அதற்காக, இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் உருண்டைக் கேமரா ஒன்று வீட்டுக்கு வருகிறது. மூன்றே படிகளில் இணைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும். இரண்டாவது படியிலேயே திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். கடைசியில் ‘இணைக்க முடியவில்லை’ என்று வரும்.

பொருள் கெட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அநேகமாகக் கேமரா நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அது லென்ஸ் பொருத்திய ஒரு குட்டிக் கணினி. 1996இல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் முதல் நெட்வொர்க் கேமராவை விற்றபோது, நொடிக்கு ஒரு சின்னப் படம் அனுப்புவதற்கே அது திணறியது. இன்றைய உருண்டைக் கேமரா முழு வீடியோவையே அனுப்புகிறது. ஆனால் அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதன் காதில் எப்படிப் போடுவது? இந்தக் கேள்விக்குப் பொறியாளர்கள் கண்ட வழிகள்தான் இந்தக் கருவியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சுலபமான வழி, கண்ணால் சொல்வது. செயலியில் கடவுச்சொல்லைத் தட்டினால் அது க்யூஆர் கட்டமாக மாறும். கைபேசித் திரையைக் கேமராவுக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் காட்டினால் படித்துக்கொள்ளும். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் கையை ஆட்டாமல் பிடித்தால் போதும். இன்னொரு முறையில் கேமராவே சற்று நேரம் தன் பெயரில் ஒரு வைஃபையைப் பரப்பும். கைபேசி அதில் சேர்ந்து விவரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். இங்கே ஒரு வில்லங்கம்: ‘இந்த வைஃபையில் இணையம் இல்லையே’ என்று கைபேசி தன் பாட்டுக்கு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அந்த ஐந்து நிமிடம் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

மூன்றாவது வழி குறும்பானது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் ஸ்மார்ட்கான்ஃபிக் என்று அதற்குப் பெயர் வைத்தது. கடவுச்சொல்லால் பூட்டிய வைஃபையில் ஓடும் செய்தியை, இன்னும் உள்ளே சேராத கேமராவால் படிக்க முடியாது. ஆனால் காற்றில் பறக்கும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் எத்தனை பைட் நீளம் என்பது யாருக்கும் தெரியும். பூட்டு நீளத்தை மறைப்பதில்லை. ஆகவே கைபேசி, உள்ளே எதையோ போட்டு நிரப்பிய பொட்டலங்களை வரிசையாக அனுப்புகிறது. ஒன்றின் நீளம் ஓர் எழுத்து, அடுத்ததன் நீளம் அடுத்த எழுத்து. கேமரா நீளங்களை மட்டும் அளந்து கடவுச்சொல்லைக் கோத்துக்கொள்கிறது. (சங்கேதம் சேர்க்காத செயலி என்றால் பக்கத்து வீட்டில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து அதையே செய்யலாம். க்யூஆர் வழி இருக்கும்போது நான் அதையே சொல்வேன்.)

இவை எல்லாமே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இன்றைய ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே காதில் விழும். ரவுட்டரோ இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும். கைபேசி வேகம் அதிகமுள்ள ஐந்தில் போய் உட்கார்ந்திருக்கும். தனித்தனிப் பெயர் இருந்தாலும் ‘5ஜி’ என்று முடிவதைத்தான் கை தேடுகிறது. கைபேசிக் கோபுரத்தின் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்துவிடுவதுதான் தீர்வு. உலாவியில் பெரும்பாலும் 192.168.1.1 என்று தட்ட வேண்டும். ஜியோ பெட்டியானால் 192.168.29.1. அங்கே இரண்டு அலைவரிசைகளுக்கும் வேறு வேறு பெயர் வைக்கலாம், அல்லது கேமரா சேரும்வரை 5ஐ நிறுத்தி வைக்கலாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கேமரா தடுமாறும். 2, 3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். இதில் தமிழ்ப் பற்றாளர்களுக்கு ஒரு சோதனை. வைஃபை பெயருக்கு விதி ஒதுக்கியிருக்கும் இடம் 32 பைட். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும்; புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘மகாலட்சுமி’ என்று வைத்தாலே 30 பைட் தீர்ந்துவிடும், ‘இல்லம்’ சேர்க்க இடமிருக்காது. தமிழ்ப் பெயரைக் கண்டால் விழிக்கிற கேமராக்களும் இருப்பதால், இந்த ஒரு இடத்தில் ரோமன் எழுத்துக்கு விட்டுக்கொடுத்துவிடலாம்.

2.4 பழைய அலைவரிசை. ஆனால் கேமராவுக்கு அதுவே தோது. அதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், ஐந்தினுடையது ஏறக்குறைய பாதி. நீண்ட அலை சிமெண்ட் பிளாக் சுவரைக் கடப்பதில் கொஞ்சம் கெட்டி. தொல்லை வேறு இடத்தில் வருகிறது. உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் இந்த அலைவரிசை 2005இல் திறந்துவிடப்பட்டது. ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் குடியிருப்பது இங்கேதான். 13 தடங்கள் இருந்தாலும் ஒன்றோடொன்று உரசாமல் ஓடக்கூடியவை மூன்று: 1, 6, 11. மூக்கண்டப்பள்ளி, ஜூஜுவாடிப் பக்கம் லைன் வீடுகளில் ஒரே சுவரின் இரு பக்கமும் ரவுட்டர்கள் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் வீடியோ பார்க்கும்போது கேமரா படம் உறைவது இதனால்தான். தடத்தைத் தானியங்கியில் விடாமல், கூட்டம் குறைந்த ஒன்றில் நிறுத்திப் பாருங்கள்.

கேமராவின் செயலியில் சமிக்ஞை அளவு மைனஸ் எண்ணில் தெரியும். மைனஸ் 50 அருமை, மைனஸ் 70 பரவாயில்லை, 80 என்றால் அடிக்கடி அறுந்துபோகும். பத்துப் பத்தாக இறங்குகிறது என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பத்துக்கும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. 50க்கும் 80க்கும் இடையே ஆயிரம் மடங்கு.

இணைந்தாகிவிட்டது. அடுத்தது முகவரி. ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்தால் கேமரா விழித்துவிடும், ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் மெதுவாக விழிக்கும்; எண் மாறியும் போகலாம். காட்சிகளைச் சேமிக்கும் பதிவுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தலைவலி. ரவுட்டரின் டிஹெச்சிபி பகுதியில், கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் 12 இலக்க மேக் எண்ணைக் கொடுத்து, இன்ன கேமராவுக்கு இன்ன எண் என்று நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் பாதித் தொல்லை போய்விடும்.

வீட்டில் உள்ள கேமராவை ஆலையிலிருந்து பார்ப்பது எப்படி? லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு எண் 1, 2, 3 எல்லாக் காம்பவுண்டிலும் உண்டு. தபால்காரருக்குத் தெரிந்தது கேட்டின் முகவரிதான். 192.168 என்று தொடங்கும் எண்களும் அப்படியே, உலகமெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் திரும்பத் திரும்ப வருகிறவை. வெளியிலிருந்து வருபவருக்கு உள்ளே வழி காட்ட முன்பெல்லாம் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் என்று ஒரு வாசலைத் திறந்து வைப்பார்கள். இப்போது கேட்டே உங்களுடையதாக இருப்பது அரிது. பொது முகவரிகளுக்குப் பஞ்சம் என்பதால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். எத்தனை வாசல் திறந்தாலும் பயனில்லை. அதனால்தான் இன்றைய கேமரா யாரும் வரக் காத்திருப்பதில்லை. அதுவே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்துகொள்கிறது. உங்கள் கைபேசியும் அங்கே வந்ததும் இரண்டையும் சேர்த்துவைக்கிறார்கள்.

வாசல் திறப்பது இன்றும் சிலருக்குச் சாத்தியம், ஆனால் வேண்டாம் என்பேன். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், சுமார் 60 பழகிய பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் முயன்று பார்த்து, லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தை அது தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் முடங்கின. நமக்கு இன்னும் அருகில், 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு டெலிகிராமில் விற்கப்பட்டது தெரியவந்தது. அங்கிருந்த கடவுச்சொல் ‘அட்மின்123’ என்று செய்திகள் வந்தன. இணையக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் ‘அட்மின்123’ஐ மாற்ற வேண்டியது வாங்கியவர்தான்.

இணைந்த மகிழ்ச்சியில் பெரும்பாலோர் செயலியை மூடிவிடுகிறார்கள். பாதுகாப்பு வேலையே அங்கேதான் ஆரம்பம். கேமராவின் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, ரவுட்டரில் யுபிஎன்பி என்ற வசதியை அணைக்க வேண்டும். அது இருந்தால் கருவிகள் கேட்டதும் ரவுட்டர் தானே வாசலைத் திறந்துவிடும். கேமராவை விருந்தினர் வைஃபையில் போடுவதும் நல்ல பழக்கம். நாளை அது கெட்டவர் கையில் சிக்கினாலும் உங்கள் மடிக்கணினி இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது.

நேரத்தையும் பாருங்கள். சீன நேரத்திலேயே ஓடும் கேமரா இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கும். இரவு 10 மணிக்கு வண்டி போனது 12.30 என்று பதிவாகும். காவல் நிலையத்தில் அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு விளக்குவது லேசல்ல. நேர மண்டலம் 5.30 என்று இருக்கட்டும். பதிவுக்கான இடத்தையும் கணக்கிடுங்கள். படத் தரத்தை நொடிக்கு ஒரு மெகாபிட்டில் வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 10.8 ஜிபி, 64 ஜிபி மெமரி அட்டை ஐந்தாறு நாள் தாங்கும்.

தளி, பாகலூர்ப் பக்கம் ரோஜா பசுமைக்குடிலுக்கு வைஃபை எட்டாது; சிம் போட்ட 4ஜி கேமராதான். அங்கே எல்லைக்கே உரிய ஒரு சிக்கல். தமிழ்நாட்டு சிம், கர்நாடகக் கோபுரம் வலுவாகத் தெரிந்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். தொலைத்தொடர்புக் கணக்கில் இரண்டும் வேறு வட்டங்கள், ஆகவே அது ரோமிங். கேமராவில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் சமிக்ஞை முழுசாக இருந்தும் படம் வராது. அந்த ஒரு பொத்தானையும், சிம்முக்குரிய ஏபிஎன் (இணைய வாசல்) பெயரையும் சரிபார்த்துவிட்டுக் கம்பத்தில் ஏற்றுங்கள். பிறகு ஏணி தேட வேண்டாம்.

வேலை மாறி வீட்டைக் காலி செய்கையில் கேமராவைப் புதிதாகக் குடிவருபவருக்கே விற்றுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பின்னாலுள்ள ரீசெட் துளையில் ஊசியால் குத்தினால் வைஃபை விவரம் அழியும். ஆனால் பல நிறுவனங்களின் சர்வரில் அந்தக் கேமரா பழையவர் கணக்கிலேயே இருக்கும், புதியவர் சேர்க்க முயன்றால் மறுத்துவிடும். விற்பவர் தன் செயலியில் ‘கருவியை நீக்கு’ என்பதைத் தட்டிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.