பழைய புகைப்படங்களைக் காக்கக் கட்டற்ற மென்பொருள்

திருவனந்தபுரத்து வீடுகளில் புகைப்படங்களுக்கு முதல் எதிரி ஈரம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். படத்தாளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. கிழக்கேகோட்டையைச் சுற்றிலும் சாலைக் கடைவீதியிலும் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், முதலில் இங்கு வந்து குடியேறிய தாத்தா பாட்டியின் முகம் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கும். அது போனால் போனதுதான்.

அதைச் சீர்செய்ய விலையுயர்ந்த மென்பொருள் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். 'கிம்ப்' என்ற மென்பொருள் போதும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995-இல் எழுதத் தொடங்கியது இது. பிறகு உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்தார்கள். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வெளிவந்தது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். காசு இல்லை என்பது மட்டும் இதன் பொருளல்ல. பயன்படுத்த, பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்க, உள்ளே எப்படி வேலை செய்கிறதென்று பார்க்க, திருத்த எல்லோருக்கும் உரிமை உண்டு. கள்ள சி.டி. தேட வேண்டிய அவசியமே இல்லை.

இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கி வைத்தார். கேரளப் பள்ளிகளின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும் (2017 முதல் 'கைட்') கட்டற்ற மென்பொருளையே கைக்கொண்டது. ஐ.டி. பாடத்தில் பிள்ளைகள் கிம்ப் பழகுகிறார்கள். ஆக, வாத்தியார் பல வீடுகளில் தயாராகவே இருக்கிறார். கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதுதான் பாக்கி!

இனி செய்முறை. படம் ஈரமாக இருந்தால் துடைக்காமல் நிழலில் உலர விடுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். சிறிய படமென்றால் அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள். கருப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்வது நல்லது. மஞ்சள் கறையைப் பிரித்தறிய அது உதவும். அந்த முதல் கோப்பைத் தொடாமல், ஒரு பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

மங்கிய படத்துக்கு 'லெவல்ஸ்'. கருமைக்கும் வெண்மைக்குமான முனைகளை உள்ளே நகர்த்தினால் படம் தெளியும். 1970களின் கலர்ப் படங்கள் பல செக்கச்செவேலென்று இருப்பது, அவற்றின் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துப்போவதால். அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். கீறலுக்கும் பூஞ்சைப் புள்ளிக்கும் 'ஹீல்' கருவி: கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி பக்கத்தில் நல்ல இடத்தைச் சொடுக்கி, பிறகு கறைமேல் தடவினால் மறையும். வேலை முடியும்வரை கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப்.-இல் சேமியுங்கள். உறவினருக்கு அனுப்ப ஜேபெக் பிரதி போதும். அதை 'எக்ஸ்போர்ட்' வழியாக எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. முகத்தில் மட்டும் கை அடக்கம் வேண்டும். பாட்டியின் கருப்பைச் சிவப்பாக்குவது சீர்செய்தல் அல்ல. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தெளிவில்லாத முகத்துக்குக் கண்ணும் மூக்கும் தாமே கற்பனை செய்து வைத்துவிடும். பார்க்க அழகாயிருக்கும், ஆனால் அது நம் பாட்டி அல்ல. அழிந்த இடம் அழிந்ததாகவே இருக்கட்டும்.

கோப்புகளை இரண்டு இடங்களில் வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கூடவே எழுதி வையுங்கள். கீறலைக் கிம்ப் மறைக்கும். மறந்த பெயரை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.