‘விளங்கிச்சா?’ என்று கேட்டால் போதாது

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், பேர் பதியும் காலைப் பெரட்டின்போது ஒரு கங்காணியோ வெளிக்கள உத்தியோகத்தரோ புதியவர்களுக்கு வேலை முறையைச் சொல்லி, “விளங்கிச்சா?” என்று கேட்டால், “விளங்கிச்சுங்க” என்ற பதில்தான் வரும். பேர் பதிபவர் எதிரே, இத்தனை பேர் நடுவே, விளங்கவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தப் பதிலைக் கற்றதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் தொழிற்பயிற்சியில் நடக்கும் பெரிய தவறு. கற்பவர் தாமே செய்து காட்டி, ஏன் அப்படிச் செய்கிறார் என்பதைத் தம் வாயால் சொல்லும்வரை பயிற்சி முடிந்ததாகாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அனுபவமில்லாதவர்கள் பெருந்தொகையாகத் தொழிற்சாலைகளில் சேர்ந்தபோது அமெரிக்கா கண்டறிந்ததும் இதைத்தான். 1940இல் அங்கே தொடங்கிய ‘ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ திட்டத்தின் மேற்பார்வையாளர் வகுப்பில், மின்கம்பியில் போடும் முடிச்சு ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். முதலில் வாயால் மட்டும் சொல்வார்கள். கற்பவருக்குப் போட வராது. பிறகு பேசாமல் செய்து காட்டுவார்கள், அப்போதும் வராது. கடைசியில் ஒவ்வொரு படியையும் செய்து காட்டி, கை தவறக்கூடிய இடத்தையும் அதற்கான காரணத்தையும் சொல்லி, கற்பவரையே விளக்கிக்கொண்டு செய்யவைப்பார்கள். அப்போது முடிச்சு சரியாக விழும்.

கொழுந்து மலைக்கும் இதே முறை பொருந்தும். “ரெண்டு இலையும் ஒரு மொட்டும்” என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எந்தத் தளிரை இன்று எடுப்பது, எதை ஏழெட்டு நாளில் வரும் அடுத்த சுற்றுக்கு விடுவது என்பதைக் கண்தான் பழக வேண்டும். முற்றிய இலை கூடையில் சேர்ந்தால் தூளின் தரம் கெடும்; இளம் அரும்பைக் கிள்ளினால் அடுத்த சுற்றின் கொழுந்து குறையும். இந்தக் காரணங்களைச் சொல்லிக்கொடுத்தால், கங்காணி பக்கத்தில் இல்லாதபோதும் கை சரியாகப் போகும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலே தலவாக்கலையில்தான் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, அது கூடை சுமப்பவரின் விரல்வரை போய்ச் சேர்வதில்தான் சிக்கல்.

திரும்பத் திரும்பச் சொன்னால் பதியாதா என்று கேட்கலாம். ரொடிகர், கார்ப்பிக்கி ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு தடவை அமர்ந்து படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒருதடவை மட்டும் அமர்ந்து படித்துவிட்டு, பிறகு மூன்று தடவை பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 சதவீதம்தான் வந்தது. ஒரு வாரம் கழித்தோ முந்தியவர்கள் 40க்கு இறங்க, பிந்தியவர்கள் 61இல் நின்றார்கள். படித்த மாணவர்களிடம் செய்த சோதனை கைவேலைக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. மரத்துப்போன விரலும் மழையும் அட்டையும் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் கைவேலையிலும் இதே பாடத்தைத்தான் அந்த முடிச்சு காட்டுகிறது.

நேரமில்லை என்ற மறுப்புத்தான் கனமானது. நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கிருக்கும்போது, கற்கும் நேரத்தின் நட்டம் தொழிலாளியின் தலையில் விழக்கூடாது. முதல் வாரங்களில் அந்தக் கணக்கைத் தளர்த்துவது நிர்வாகத்தின் பொறுப்பு. பயிற்றுநர் செய்யவேண்டியது சிறிது. பெரட்டுக் களத்தில் நீளமாகப் பேசுவதை விட்டு, மலையில் ஒரு செடியருகே நின்று, “இதுல எதை எடுப்பீங்க, எதை விடுவீங்க, ஏன்?” என்று கேட்கட்டும். பதில் பிழைத்தால் மற்றவர்கள் முன்னால் ஏசாமல், அதே செடியில் திரும்பக் காட்டட்டும். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் வந்து அவருடைய நிரையில் நின்று கையைப் பார்க்கட்டும்; கூடையில் முற்றிய இலை அப்போதும் கிடந்தால், அன்றைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது தெரிந்துவிடும்.