தேன்சிட்டு இரவை எப்படிக் கடத்துகிறது?

சங்கரன்கோவில் பக்கம் வீட்டு முருங்கை பூத்தால் தேன்சிட்டு தேடி வந்துவிடும். அதைப் படம்பிடித்து, ‘ஹம்மிங் பேர்டு’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களும் உண்டு. ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. ஆனாலும் இரண்டுக்கும் பிழைப்பு பூந்தேன்தான். அதனால் தொல்லையும் ஒன்றுதான்.

உடம்பு சிறுக்கச் சிறுக்கச் சூடு வேகமாக வெளியேறும். நம் தேன்சிட்டு பத்து கிராமுக்கு முன்னே பின்னேதான் இருக்கும். பகலில் குடித்த தேனை வைத்துத்தான் விடியும்வரை உடம்பைச் சூடாக வைத்திருக்க வேண்டும். ஹம்மிங் பறவை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: ராத்திரியில் சூட்டையே இறக்கிவிடும். இதன் பெயர் ‘டார்ப்பர்’. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் ஒரு பறவையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதாக 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. தொட்டால் செத்துவிட்டது என்றே நினைப்போம்.

இந்திய உயிரியலாளர் அனுஷா சங்கர், அரிசோனாவில் இந்தப் பறவைகள் தூங்கும்போது தெர்மல் கேமராவால் கவனித்தார். 2022இல் வெளியான அவர் குழுவின் முடிவு: முழுச் சூடு, முழு டார்ப்பர் என்று இரண்டே நிலை இல்லை, இடையில் லேசான டார்ப்பரும் உண்டு. மயங்கிக் கிடக்கும் பறவையால் எதிரியைக் கண்டு பறக்க முடியாது. எனவே இந்த நடுவழிக்கு ஒரு லாபம் இருக்கலாம்.

பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளின் ஆற்றல் செலவை அளக்கும் முறைதான் எனக்குப் பிடித்தது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரைப் பறவைக்கு ஊசியில் ஏற்றிப் பறக்க விடுகிறார்கள். மறுநாள் மறுபடி பிடித்து, அதன் சிறுநீரைச் சேகரிக்கிறார்கள். அந்த ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறைந்த அளவின் வித்தியாசத்தைப் பார்த்தால், பறவை எவ்வளவு எரித்தது என்று தெரிந்துவிடும். கூண்டில் அடைக்க வேண்டியதில்லை.

தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்தே குடிக்கும். அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் பெருஞ்செலவு அதற்கு மிச்சம். ஆப்பிரிக்க மலைத் தேன்சிட்டுகள் இரவில் சூட்டைக் குறைப்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் இங்கே சிக்கல் தலைகீழ்: சூட்டை வெளியே தள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படிப்பவர்களே, உச்சிவேளையில் தேன்சிட்டு எவ்வளவு நேரம் பூவில், எவ்வளவு நேரம் நிழலில் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கூட்டருகே மட்டும் போகாதீர்கள்.