ஆணம் வற்றும் நேரம்: முழு இறைச்சியை மெல்ல வேகவைத்தல் பற்றி

நமது கரையில் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப்பெயர் உண்டு: ஆணம். மீனாணம், புளியாணம், பாலாணம், இறைச்சியாணம். தமிழ் அகராதிகளில் இச்சொல்லுக்குக் குழம்பு என்ற பொருளோடு அன்பு, நேயம் என்ற பொருளும் இருக்கிறது. இலங்கையிலும் தமிழகத்திலும் முஸ்லிம் வீடுகளின் அடுப்படிகளில்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வாயில் இப்போது 'கிரேவி' வந்துவிட்டது. சொல் மாறினால் மாறட்டும் என்று விட்டுவிடலாம். சொல்லோடு சேர்ந்து ஒரு சமையல் முறையும் கைவிட்டுப் போகிறது என்பதுதான் கவலை. இறைச்சியை முழுத்துண்டாக, மூடிய சட்டியில், மணிக்கணக்கில் வேகவைத்து, அதன் சாற்றையே ஆணமாக்கும் முறை அது. 'ஸ்லோ குக்கர்' என்ற மின்சட்டி சிலர் வீடுகளுக்கு வந்திருக்கும் இந்நாளில் அம்முறையைக் காரண காரியத்தோடு விளங்கிக்கொள்வது பயனுள்ளது.

சுட்டதா, புழுக்கியதா?

ஸ்லோ குக்கரோடு வரும் சிறு நூலில் பெரும்பாலும் 'ரோஸ்ட் பீஃப்' இருக்கும். சொல்லாராய்ச்சிப்படி அது பிழையான பெயர். ரோஸ்ட் என்றால் நீரில்லாத சூட்டில், நெருப்பிலோ போறணையிலோ சுடுவது. மூடிய சட்டிக்குள் நடப்பது ஈரச்சூட்டில் வேகுவது. பழந்தமிழர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநர்க்கு அளித்த விருந்தில், ஆட்டின் பருத்த தொடையை வேகவைத்த புழுக்கும் வருகிறது, கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியும் வருகிறது. ஆகவே ஸ்லோ குக்கர் செய்வது புழுக்கு. அதற்குச் சுட்ட மணமும் வேண்டுமென்றால் அதைத் தனியே சேர்க்க வேண்டும். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

நம் நாட்டுச் சான்று: ஸ்மோர்

முழு மாட்டிறைச்சியை மெல்ல வேகவைத்து, வெட்டி, ஆணத்தோடு பரிமாறும் உணவு இலங்கைக்குப் புதியதல்ல. பறங்கியர் வீடுகளில் அதன் பெயர் 'ஸ்மோர்'. மூடிய பாத்திரத்தில் ஆவி போகாமல் வேகவைப்பதைக் குறிக்கும் 'ஸ்மோரென்' என்ற ஒல்லாந்து வினைச்சொல்லிலிருந்து வந்தது. அதே சொல் இந்தோனேசியாவில் 'செமூர்' ஆயிற்று. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயரிடம் இழக்கும் வரை இத்தீவின் கரையோரங்களில் ஆட்சி செலுத்தினர். அம்பாறை மாவட்டம் 1961இல் பிரிக்கப்படும்வரை நமது ஊர்களும் மட்டக்களப்பு மாவட்டத்தில்தான் இருந்தன. எனவே இது தூரத்துக் கதையல்ல.

ஒல்லாந்து முறை இங்கு வந்ததும் தேங்காய்ப்பால், கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை எல்லாம் அதற்குள் இறங்கின. புளிப்புக்கு வினாகிரியோ ஊறிய எலுமிச்சையோ சேரும். வெந்த துண்டைக் கடைசியில் நெய்யில் பிரட்டியெடுத்து, வில்லைகளாக வெட்டி, மேலே ஆணத்தை ஊற்றுவார்கள். பெயர் ஒல்லாந்து. சரக்கும் பாலும் நம்முடையவை.

சுமாத்திராவின் மினாங்கபாவு முஸ்லிம்கள் இதே பொருட்களை வேறொரு முடிவுக்குக் கொண்டுபோகிறார்கள். தேங்காய்ப்பாலில் வேகும் இறைச்சி ஆணமாக நிற்கும்போது 'குலாய்', பாதி வற்றும்போது 'காலியோ', முற்றிலும் வற்றிக் கறுத்தபின் 'ரெண்டாங்'. ஒரே சட்டி, மூன்று பெயர். நம் வீடுகளில் ஆணம், பிரட்டல், வறுவல் என்று சொல்வதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான்.

ஏன் மெல்ல வேகவைக்க வேண்டும்?

மாட்டின் தோள், நெஞ்சு, பின்னங்கால் ஆகியவை அது வாழ்நாள் முழுக்க உழைத்த தசைகள். அவற்றில் தசைநார்களைக் கட்டிவைக்கும் 'கொலாஜன்' என்ற புரதம் அதிகம். சூடு 60 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறியதும் இந்தக் கொலாஜன் சுருங்கித் தசையைப் பிழிகிறது. நீர் வெளியேறி, இறைச்சி முதலில் கடினமாகிறது. "ஒரு மணித்தியாலம் அவிச்சும் ரப்பர் மாதிரி கிடக்கு" என்று நாம் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். பொறுமை இழந்து நெருப்பைக் கூட்டினால் இன்னும் பிழியும்.

சூட்டை 70 பாகைக்கு மேல் பல மணிநேரம் நிறுத்தினால், அதே கொலாஜன் கரைந்து 'ஜெலட்டின்' ஆகிறது. அது நார்களுக்கிடையே வழுவழுப்பாக நின்று இறைச்சியை மெதுவாக்குகிறது. மீதி சாற்றில் இறங்கி ஆணத்துக்குத் தடிப்புக் கொடுக்கிறது. ஆறியபின் ஆணம் கட்டியாக உறைவதும், சாப்பிடும்போது உதடு ஒட்டுவதும் இதனால்தான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வயது கூடக்கூட மாட்டின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்கின்றன. வெளிநாட்டுச் சமையல் நூல்கள் சொல்லும் நேரம் இளம் மாடுகளுக்கானது. நமது கரையில் மேய்ச்சலில் வளர்ந்து, கொழுப்புக் குறைந்து, பல நேரம் வயது முதிர்ந்தபின் அறுக்கப்படும் நாட்டு மாட்டுக்கு அந்நேரம் போதாது. ஒன்றிரண்டு மணிநேரம் கூட்டித்தான் கணக்கிட வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளில் வரும் உழ்ஹிய்யா இறைச்சிக்கும் இது பொருந்தும். அறுத்த சில மணிநேரத்தில் தசை விறைக்கத் தொடங்கும். ஒரு நாளளவில் அவ்விறைப்புத் தளரும். முழுத்துண்டாக ஆக்க நினைப்பவர்கள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் மறுநாள்வரை வைத்திருந்து அடுப்பில் ஏற்றுவது நல்லது.

சாம்பலில் புதைத்த சட்டி

ஸ்லோ குக்கரின் பூர்வீகம் நமக்கு வியப்பூட்டும். அமெரிக்கரான இர்விங் நக்சன் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். யூதர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவதில்லை. அதனால் வெள்ளி மாலையே சட்டியை ஊரிலுள்ள போறணையில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்கள். லித்துவேனியாவில் தன் குடும்பத்தார் அப்படிச் செய்த 'சோலன்ட்' என்ற உணவைப் பற்றித் தாய் சொன்ன கதைதான் நக்சனுக்குத் தூண்டுதல். 1970இல் அவரது நிறுவனத்தை வாங்கிய ரைவல் நிறுவனம், அடுத்த ஆண்டு 'கிராக்பாட்' என்ற பெயரில் அதைச் சந்தைக்கு விட்டது.

அந்த உணவுக்கு ஸ்பெயினிலும் மொறொக்கோவிலும் வாழ்ந்த யூதர்கள் வைத்த பெயர் 'அதஃபீனா'. அரபியில் 'தஃபீனா' என்றால் புதைக்கப்பட்டது. ஜனாஸாவை அடக்குவதை நாம் 'தஃபன்' என்கிறோமே, அதே வேர்ச்சொல். சட்டியைத் தணலில் புதைத்து வேகவைத்ததால் வந்த பெயர். மொறொக்கோவின் மர்ராகிஷ் நகரில் இன்றும் ஆண்கள் இறைச்சியையும் சரக்குகளையும் மண்குடத்தில் அடைத்து, ஹம்மாம் என்னும் பொதுக் குளியலறையின் உலைச் சாம்பலில் புதைத்துவிட்டு வருவார்கள். 'தஞ்சியா' என்பது அதன் பெயர். நம் மூத்தம்மாமார் சோறு வடித்தபின் விறகை இழுத்துவிட்டு, தணலைப் பரப்பி, இறைச்சிச் சட்டியை ஏற்றி, "இனி அது தன்ட பாட்டில வேகட்டும்" என்று விட்டதும் இதே கலைதான்.

செய்முறை

இறைச்சிக் கடையில் "வெட்டாம முழுசாத் தாங்க" என்று கேட்டு, தோள் அல்லது நெஞ்சுப் பகுதியில் ஒன்றரைக் கிலோ வாங்குங்கள். போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டு. முன்கூட்டியே வாங்க வேண்டும். இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி பூசி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வையுங்கள்.

மறுநாள் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, தாச்சியில் நெய்யைச் சூடாக்கி, ஒவ்வொரு பக்கமும் நான்கைந்து நிமிடம் கருஞ்சிவப்பாகும்வரை பிரட்டுங்கள். முன்பு சொன்ன சுட்ட மணம் இங்கேதான் பிறக்கிறது. அதற்கு ஏறக்குறைய 140 பாகைச் சூடு வேண்டும். நீர் உள்ள சட்டியில் சூடு 100ஐத் தாண்டாது. இறைச்சி ஈரமாக இருந்தாலும் அதே தடைதான்.

துண்டை எடுத்துவிட்டு அதே நெய்யில் கால் கிலோ சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி, ரம்பை, கறிவேப்பிலை, ஒரு துண்டு கறுவா, நான்கு ஏலம், நான்கு கராம்பு ஆகியவற்றை வதக்குங்கள். வறுத்தரைத்த கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி போதும். தாச்சியின் அடியில் ஒட்டியிருப்பதை இரண்டாம் பால் ஊற்றிச் சுரண்டியெடுங்கள். ஆணத்தின் ருசி அதில்தான் இருக்கிறது.

ஸ்லோ குக்கரில் நீராவி வெளியேறுவதில்லை. ஆகவே ஒரு கப் இரண்டாம் பால் போதும். இறைச்சி தன் சாற்றை விடும். குறைந்த சூட்டில் எட்டு முதல் பத்து மணிநேரம், கூடிய சூட்டில் ஐந்து முதல் ஆறு. கடைசியில் இரண்டும் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டைத்தான் அடைகின்றன. அதை அடையும் வேகமே வித்தியாசம். சுபஹுக்குப் பிறகு வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனால் அஸருக்குள் வெந்திருக்கும். இடையில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு திறப்புக்கும் போன சூடு திரும்ப வெகுநேரம் எடுக்கும். ஐஸாக உறைந்த இறைச்சியை ஒருபோதும் நேரே இதற்குள் போடக்கூடாது. உறைநிலையிலிருந்து 60 பாகையைத் தாண்ட எடுக்கும் நீண்ட நேரத்தில் கிருமிகள் பெருகிவிடும்.

மண்சட்டி என்றால் மூன்று கப் பால், சிறு நெருப்பு, மூன்றரை மணிநேரம். முள்ளுக்கரண்டி தடையின்றி இறங்கினால் பதம். துண்டை எடுத்துக் கால் மணிநேரம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள்.

இனி ஆணம். மேலே மிதக்கும் கொழுப்பை அகப்பையால் எடுத்துவிட்டு, சாற்றைத் தாச்சியில் ஊற்றிப் பாதியாக வற்றவையுங்கள். ஆங்கிலேயர் கோதுமை மா கலந்து தடிப்பாக்குவார்கள். நமக்கு அது தேவையில்லை. வெங்காயமும் ஜெலட்டினும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். கடைசியில் அரைக் கப் முதற்பால் ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். முதற்பாலை முதலிலேயே ஊற்றி மணிக்கணக்கில் வைத்தால் திரிந்து எண்ணெய் பிரியும். இடியப்பம், ரொட்டி, நெய்ச்சோறு எதற்கும் பொருந்தும். ரொட்டியைப் பிய்த்து ஆணத்தில் ஊறவைத்தால் அது நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்ட 'தரீத்'.

எரிபொருள் கணக்கு

"பிரஷர் குக்கர் முக்கால் மணித்தியாலத்தில் செய்யிறத்துக்கு ஏன் எட்டு மணித்தியாலம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரஷர் குக்கரில் சூடு 120 பாகையளவில் ஏறுவதால் கொலாஜன் விரைவாகவே கரைகிறது. ஆனால் முழுத்துண்டின் வெளிப்புறம் நூல்நூலாகப் பிரிந்துவிடும். சிறு துண்டுகளுக்கு அதுவே போதும்.

செலவைப் பார்த்தால், 250 வாட் ஸ்லோ குக்கர் எட்டு மணிநேரத்தில் அதிகபட்சம் இரண்டு யூனிட் மின்சாரம் எடுக்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பொருளென்றால் 220–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 2022 மார்ச் 31இல் நாடு 13 மணிநேர மின்வெட்டில் கிடந்ததையும், அடுத்த மாதமே 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியதையும் நாம் மறக்கவில்லை. மின்சாரத்தையோ எரிவாயுவையோ மட்டும் நம்பிய அடுப்படி அன்று அணைந்துபோனது.

அதற்கும் ஒரு வழி நம் வயல்களிலேயே கிடக்கிறது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் எரிபொருள் தட்டுப்பட்ட ஐரோப்பாவில் வைக்கோல் பெட்டிச் சமையல் பரவலாக இருந்தது. இறைச்சியைக் கைப்பிடியில் பாதியளவு துண்டுகளாக வெட்டி, ஆணத்தோடு முக்கால் மணிநேரம் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியோடு துணியில் சுற்றி, நாற்புறமும் கீழும் மேலும் ஒரு சாண் வைக்கோல் நெருக்கிய பெட்டிக்குள் புதைத்துவிடுவது. நான்கைந்து மணிநேரத்தில் வெளியே எடுத்து மீண்டும் ஒரு கொதி கொதிக்கவைத்து உண்ணலாம். சட்டி நிறைய இருக்க வேண்டும், இரவு முழுக்க விடக்கூடாது. இந்த இரண்டும்தான் விதி. பெரும்போக அறுவடை முடிந்து வைக்கோல் எரிபடும் மாவட்டத்தில் இது இலவசம். இதுவும் ஒரு தஃபீனாதான்.

யாருக்கு ஆணம்?

ஆணம் காய்ச்சினால் நீரைக் கூட்டி அயலவரையும் கவனித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்குச் சொன்னதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறது. ஆணம் என்ற சொல்லின் மற்றப் பொருளான நேயம் இங்கே வந்து சேர்கிறது. துண்டு இறைச்சி எண்ணிக்கைக்கு உட்பட்டது. நீட்டிப் பகிரக்கூடியது ஆணம்தான்.

நான் படிப்பிக்கும் வினாயகபுரத்தில் இது வேறொரு கேள்வியாகிறது. அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் நடுவே, திருக்கோவிலை அடுத்த இந்து ஊர் அது. என்னோடு படிப்பிப்பவர்களில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு 2020 செப்டம்பரில் அமைச்சரவை கொள்கையளவில் சம்மதித்த நாடு இது. நம் சட்டியில் என்ன வேகிறது என்பதை அரசியல்வாதிகள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். நம் அயலவரோடு நாம் பேச வேண்டியது வேறு. ஹதீஸ் நம்மிடம் கேட்பது அயலவரின் வயிற்றையும் மனதையும் கவனிப்பது. அவர் உண்ணாததை அனுப்புவது கவனிப்பாகாது.

இதே முறையில் வேகும் பலாப்பிஞ்சு இருக்கிறது. சிங்களவர் 'பொலொஸ்' என்று சொல்லி, கொறுக்காய்ப்புளி சேர்த்து, மண்சட்டியில் சிறு நெருப்பில் மணிக்கணக்கில் வற்றவைப்பார்கள். மேலே சொன்ன சரக்குகள் அப்படியே பொருந்தும். தாளிக்க நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் எடுக்கலாம். இறைச்சி ஆக்காத தனிச்சட்டியில் ஆக்கி, "இது வேற சட்டி, டீச்சர்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர்கள் நம்பி உண்பார்கள். பெருநாள் முடிந்த வாரம் நான் கொண்டுபோகும் பாத்திரம் அதுதான். தைப்பொங்கலுக்கு அது நிறைந்து திரும்பி வருகிறது.