ஒரு கிழங்குக்காகக் காத்திருந்த கடை

1990 ஜனவரி 31. மாஸ்கோ புஷ்கின் சதுக்கத்தில் கடை திறக்கும் முன்பே வரிசை நீண்டுவிட்டது. சோவியத் மண்ணில் முதல் மெக்டொனால்ட்ஸ். அன்று ஒரே நாளில் 30,000 பேருக்கு மேல் சாப்பிட்டார்கள்.

அந்த ஒரு நாளுக்குப் பின்னால் 14 ஆண்டு உழைப்பு இருந்தது. மெக்டொனால்ட்ஸின் கனடா நிறுவனத் தலைவர் ஜார்ஜ் கோஹன், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கின்போது சோவியத் அதிகாரிகளிடம் பேச்சைத் தொடங்கினார். ஒப்பந்தம் கையெழுத்தானது 1988இல். மாஸ்கோ நகர நிர்வாகத்துக்கு 51 சதவீதம், கனடா நிறுவனத்துக்கு 49. அனுமதி கிடைத்தாயிற்று, இனி கடை திறக்க வேண்டியதுதானே? அங்கேதான் உருளைக்கிழங்கு குறுக்கே வந்தது.

ஃபிரெஞ்ச் ஃபிரைஸுக்கு நீளமான கிழங்கு வேண்டும். அதில் நீர் குறைந்தும் மாவுச்சத்து மிகுந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் கொதிக்கும் எண்ணெயில் மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி மொறுமொறுப்பாகும். உள்ளே மாவு வெந்து மெத்தென்றிருக்கும். நீர் மிகுந்தால் துவண்டுவிடும். சர்க்கரை மிகுந்தால் அது அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து, உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். அமெரிக்காவில் இதற்குப் பேர்போன ரகம் ரஸட் பர்பேங்க். சோவியத் வயல்களில் பரவலாக விளைந்ததோ சிறிய, உருண்டைக் கிழங்கு. ஆகவே விதைக்கிழங்கை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, விவசாயிகளுக்கு அதன் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்துப் பயிரிட வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் இறக்குமதி செய்யவும் வழியில்லை. கடையில் வாங்கியது ரூபிள். அதை இஷ்டம்போல் டாலராக மாற்ற முடியாது. எனவே மாஸ்கோவின் ஓரத்தில் சோல்ன்ட்செவோவில் ஓர் உணவு ஆலையே எழும்பியது. பன் சுடுவதும், இறைச்சி அரைப்பதும், பால் பதப்படுத்துவதும் ஒரே கூரையின் கீழ். கனடாவில் ஒரு போன் செய்தால் வாசலில் வந்து இறங்கும் சரக்குகள் இவை.

வளரும் சந்தைகளை ஆராய்ந்த ஹார்வர்ட் பேராசிரியர்கள் தருண் கன்னாவும் கிருஷ்ணா பாலெப்புவும் சுட்டிக்காட்டியது, சந்தையைத் தாங்கும் அமைப்புகள் இல்லாத இந்த வெற்றிடத்தைத்தான். நம்பி வாங்கத் தரச்சான்று, ஒப்பந்தம் மீறினால் தட்டிக்கேட்க நீதிமன்றம், பயிற்சி பெற்ற ஆட்கள், விவரமறிந்த இடைத்தரகர்கள் இவையெல்லாம் சேர்ந்ததே சந்தை. இருக்கும் ஊரில் இவை கண்ணில் படுவதில்லை. குழாயில் தண்ணீர் நின்ற அன்றுதானே மாடித் தொட்டியும் மோட்டாரும் நினைவுக்கு வருகின்றன! புதிய நாட்டில் கிளை தொடங்கும் மேலாளர், சொந்த ஊர் இத்தனை நாள் சத்தமில்லாமல் செய்துகொடுத்த வேலைகளை அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

காலப்போக்கில் மாஸ்கோ அருகிலுள்ள பேலயா தாச்சா பண்ணை லெட்யூஸ் வளர்த்துத் தந்தது. ஆலை செய்த வேலைகளை உள்ளூர் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஏற்றன. உக்ரைன் போரை அடுத்து 2022இல் மெக்டொனால்ட்ஸ் ரஷ்யாவைவிட்டு வெளியேறியது. ஜூன் 12 அன்று அதே புஷ்கின் சதுக்கத்தில், ரஷ்ய உரிமையாளரின் கீழ், புதுப் பெயரோடு கடை திறந்தது.

அடுத்த மாதமே பல கிளைகளில் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் இல்லை. முந்தைய ஆண்டு அந்த ரகக் கிழங்கு சரியாக விளையவில்லை. வெளியிலிருந்து வாங்கவும் வழி அடைபட்டிருந்தது. பெயர்ப்பலகையை விரைவில் மாற்றிவிட்டார்கள். கிழங்குக்கு அடுத்த அறுவடை வரை காத்திருந்தார்கள்.