பிரவுணிக்குச் சம்பளம் எதில குடுக்கிறது?

இந்தமுறை எபிசோட்டில் ரிவார்ட் ஃபங்ஷன் பற்றிக் கதைச்சம். நாங்கள் மனசுக்குள்ள விரும்புறதை மொடல் படிக்காது, எதுக்குப் புள்ளி குடுக்கிறமோ அதைத்தான் படிக்கும். இதை நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்பில் படிச்சிருக்கிறன். ஆனால் உண்மையா விளங்கினது எங்கட குசினியில், பிரவுணி எண்ட லாப்ரடோரிட்ட.

தங்கச்சிக்கு டைப் 1 நீரிழிவு. இரவில் சுகர் இறங்கும். கையில சென்சர் இருக்கு, ஆனால் அலாரம் அடிச்சாலும் எழும்பாத நித்திரை. சுகர் இறங்கும்போது மூச்சில் ஐசோபிரீன் கூடுது எண்டு 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். அப்ப நாயால பிடிக்க ஏலும்தானே? பயிற்சியாளர் ஒருவரின் உதவியோட தொடங்கினம்.

சுகர் 4-க்குக் கீழ போன நேரத்தில் அவளின் வியர்வையைப் பஞ்சால துடைச்சு ஃப்ரீசரில் வைச்சம். பிறகு போத்தல்களை வரிசையா வைப்பன். பிரவுணி சரியான போத்தலில காலை வைச்சால் ஒரு துண்டு சொசேஜ். இரண்டு கிழமையில ஒரு பிழையும் விடேல்ல. எனக்கோ பெருமை தாங்கேல்ல.

பயிற்சியாளர் வந்து என்னைக் கையுறை போடச் சொன்னார். அண்டைக்கு பிரவுணி கண்டபடி காலை வைச்சான். விஷயம் சிம்பிள்: சொசேஜ் எடுத்த கையாலதான் சரியான போத்தலையும் தொட்டிருக்கிறன். அவன் படிச்சது சுகர் மணத்தை இல்லை, சொசேஜ் எண்ணெயை. எங்கட பாஷையில சொன்னால் டேட்டா லீக்.

அடுத்த பிழை அம்மாவிட்ட. அவன் காலைத் தூக்கினால் அம்மா பாணும் இறைச்சியும் குடுப்பா. "பாவம், பசிக்குதாக்கும்." கொஞ்ச நாளில சாப்பாட்டு நேரமெல்லாம் எச்சரிக்கைதான். நாங்களும் கணக்கெடுக்கிறதை விட்டிட்டம்.

ஒரு நாள் விடிய மூண்டு மணிக்கு தங்கச்சியின்ர கட்டிலில காலை வைச்சிருக்கிறான். அவள் தள்ளிவிட்டாள். என்ர அறைக்கு வந்தான். நானும் "போடா, சொசேஜ் இல்லை" எண்டு திரும்பிப் படுத்தன். அவன் போகேல்ல. எழும்பிப் போய் அவளின்ர விரலில குத்திப் பார்த்தால் 2.9. ஜூஸ் குடுத்த பிறகுதான் சென்சர் அலாரம் அடிச்சது. சென்சர் அளக்கிறது இரத்தத்தை இல்லை, தோலுக்குக் கீழ உள்ள நீரை. அதால கொஞ்சம் பிந்தும்.

அதுக்குப் பிறகுதான் சம்பளத்தைப் பற்றி ஒழுங்கா யோசிச்சம். அமெரிக்க விமான நிலையங்களில பழம், இறைச்சி தேடுற பீகிள் நாய்களுக்குச் சாப்பாடுதான் சம்பளம். போதைப்பொருள் தேடுற நாய்கள் கனக்க பந்துக்கும் துவாய்க்கும் வேலை செய்யும். விளையாட்டு வெறி உள்ள நாய் பந்துக்காக மணிக்கணக்கா தேடும். பிரவுணிக்கும் ரெனிஸ் பந்து குடுத்துப் பார்த்தம். பத்து நிமிஷம் துள்ளினான், பிறகு வாயைத் திறந்து இளைச்சான். இளைக்கிற நாய் ஒழுங்கா மோப்பம் பிடிக்காது. நடு இரவில, சின்ன அப்பார்ட்மென்டில, இது சரிவராது.

கடைசியில காய்ஞ்ச ஈரல், பட்டாணி அளவில. மூடின டப்பாவில, போத்தலுக்குக் கிட்ட வராமல். காலை வைச்சால் முதலில விரலில குத்திப் பார்க்கிறது. 4-க்குக் கீழ எண்டால் மட்டும் ஈரல். எல்லாப் போத்தலும் வெறுமையா இருக்கிற நாளில ஒண்டையும் காட்டாமல் கடந்து போனாலும் ஈரல் உண்டு. இல்லாட்டி சம்பளத்துக்காக விடையை உருவாக்கிப்போடுவான்.

எந்தப் போத்தல் எண்டு தெரிஞ்ச ஆள் அறைக்குள்ள நிக்கக் கூடாது. 2011-இல் கலிபோர்னியாவில் 18 நாய்ச் சோடிகளை வைத்து நடத்திய சோதனையில், ஒரு மணமும் வைக்காத இடங்களில நாய்கள் திரும்பத் திரும்பக் காட்டினதாச் சொன்னார்கள் கூட வந்த ஆட்கள். மணம் இருக்கு எண்டு அவர்களுக்கு முதலே சொல்லியிருந்தார்கள்.

சென்சரை நாங்கள் கழட்டேல்ல, கழட்டவும் மாட்டம். ஆனால் இப்ப பிரவுணி காலை வைச்சால் வீட்டில ஒருத்தரும் திரும்பிப் படுக்கிறதில்லை. அம்மாவும் முதலில மீட்டரைத்தான் தேடுவா.